பூச்சு வேலைக்கு முன் சுவருக்குள் ஒயரிங் பைப்: வீடு கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேல் தளம் போட்டு, சுவரும் எழும்பி, பூசுவதற்குக் கொத்தனார் வரும் முன் கிடைக்கும் சில நாட்களில்தான் ஒரு வீட்டின் மின்சார வேலை பாதி முடிவாகிறது. அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. எல்லா பதில்களுக்கும் அடியில் ஒரே கணக்குதான் ஓடுகிறது: பைப் சுவரோடு போய்விடும், ஒயரை மட்டும் என்றைக்கு வேண்டுமானாலும் உருவி மாற்ற முடிய வேண்டும்.

ஒயரை நேராகச் சுவரில் வைத்துப் பூசிவிட்டால் என்ன? பைப் கண்டிப்பாக வேண்டுமா?

வேண்டும். நம் ஊரில் வீட்டுக்கு வாங்கும் ஒயர் சிங்கிள் கோர் ஒயர். செம்புக் கம்பிகளின் மேல் ஒரே ஒரு பிவிசி உறை, அவ்வளவுதான். அந்த உறை மின்சாரத்தைத் தடுப்பதற்கானது. கரண்டி முனை, ஆணி, ஜல்லித் துண்டு, சுவரில் ஊறும் ஈரம் இவற்றைத் தாங்குவதற்கு அல்ல. பைப் இருந்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய காரணம், பூச்சுக்குள் புதைத்த ஒயரை மாற்ற முடியாது. பத்து வருடம் கழித்து ஏசி வைக்கிறீர்கள், 2.5 சதுர மி.மீ. ஒயர் போதாது, 4 வேண்டும். பைப் இருந்தால் பழைய ஒயரின் வாலில் புதிய ஒயரைக் கட்டி இழுத்துவிடலாம். இல்லையென்றால் டைல்ஸையும் பெயிண்டையும் உடைத்துத்தான் ஆக வேண்டும்.

ஜெர்மனி, இங்கிலாந்து வீடியோக்களில் பைப் இல்லாமலே சுவரில் கேபிளை ஒட்டிப் பூசுகிறார்களே?

உண்மைதான். ஆனால் அவர்கள் பயன்படுத்துவது வேறு சரக்கு. ஜெர்மனியில் வீட்டுக்கு ஓடும் கேபிளில் தனித்தனி உறை போட்ட கம்பிகள் எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு தடித்த உறை இருக்கும். இங்கிலாந்தின் தட்டைக் கேபிளும் அப்படியே. அதற்கு மேல் அங்கே பாதை விதியும் உண்டு. இங்கிலாந்தில் சுவர்ப் பரப்பிலிருந்து 50 மி.மீ.க்குக் குறைவான ஆழத்தில் போகும் கேபிள், சுவிட்ச் அல்லது சாக்கெட்டிலிருந்து நேர் மேலோ கீழோ பக்கவாட்டிலோ போக வேண்டும். இல்லையென்றால் கூரையை ஒட்டியோ, இரண்டு சுவர் சேரும் மூலையை ஒட்டியோ 150 மி.மீ. பட்டைக்குள் அடங்க வேண்டும். கூடவே மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் துண்டிக்கும் ஆர்சிடி பாதுகாப்பும் எதிர்பார்க்கப்படுகிறது.

நாம் அந்தக் கேபிளையும் வாங்காமல், அந்த விதியையும் பின்பற்றாமல், பூசும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்தப் பாதை விதி நமக்கும் நல்ல விதி. அது கீழே வருகிறது.

எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை?

மேல் தளம் கான்கிரீட் போடும் முன்பே தளத்துக்குள் பைப் போயிருக்க வேண்டும். கீழ்க் கம்பிக்கும் மேல் கம்பிக்கும் நடுவில் பைப், ஃபேன் வரும் இடத்தில் கொக்கியுடன் ஃபேன் பாக்ஸ், லைட் வரும் இடத்தில் ஆழமான ஜங்ஷன் பாக்ஸ். அங்கிருந்து சுவர் வரும் இடத்தில் கீழே இறங்கும்படி ஒரு துண்டு பைப்பை நீட்டி விடுவார்கள்.

அப்புறம் செங்கல் கட்டு. கட்டு முடிந்து தண்ணீர் விட்டு இறுகியதும் சுவர் வெட்டுதல், பாக்ஸ் வைத்தல், பைப் பதித்தல், காடியை, அதாவது வெட்டிய பள்ளத்தை, அடைத்தல். அடுத்து பூச்சு. பூச்சு காய்ந்த பிறகு ஒயர் இழுப்பது. பட்டி, பிரைமர் முடிந்து, கடைசிக் கோட் பெயிண்டுக்கு முன்போ பின்போ சுவிட்ச் மாட்டுவது.

இதில் அடிக்கடி சறுக்கும் இடம், தளத்திலிருந்து நீட்டிய பைப் துண்டும் சுவரும் நேராக வராமல் போவது. சுவர் நான்கு அங்குலம் தள்ளி எழும்பியிருக்கும். அதைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியன் சுவரில் சாய்வாக வெட்டிக்கொண்டு போவார். தளம் போடும் நாளில் சுவர்க் கோடுகளைச் சென்ட்ரிங் பலகையின் மேல் சாக்பீஸில் வரையச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.

என்ன பைப் வாங்குவது?

ஐஎஸ் 9537 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள பிவிசி கன்ட்யூட் பைப். பைப்பின் மேலேயே அச்சிட்டிருக்கும். லைட், மீடியம், ஹெவி என்று மூன்று தரம் உண்டு. தளத்துக்குள் போவதற்கு ஹெவி, சுவருக்கு மீடியம் போதும். லைட் பைப்பைச் சுவரில் வைத்தால் காடியை அடைக்கும்போதே நசுங்கும். வாங்கும்போது பைப்பின் மேல் காலை வைத்து அழுத்திப் பாருங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அளவைப் பொறுத்தவரை பலரும் 20 மி.மீ., அதாவது முக்கால் இஞ்ச் பைப்பிலேயே வீடு முழுவதையும் முடித்துவிடுகிறார்கள். ஒரு லைட் பாயிண்டுக்கு இறங்கும் தனிப் பைப்புக்கு அது சரி. சுவிட்ச் போர்டுக்கு இறங்கும் பைப், பவர் சாக்கெட், ஏசி, ஹீட்டர் எல்லாவற்றுக்கும் 25 மி.மீ. வையுங்கள். மெயின் போர்டுக்குப் போகும் வழிகளுக்கு 32. விலை வித்தியாசம் மொத்த வீட்டுச் செலவில் கண்ணுக்கே தெரியாது.

ஒரு பைப்பில் எத்தனை ஒயர் விடலாம்?

திணித்தால் எத்தனையும் போகும், அதுதான் பிரச்சினை. ஒயர்கள் நெருங்கினால் சூடு வெளியேறாது. இழுக்கும்போது உறை உரசி உரிந்துவிடும். வேலை நடக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளத்தக்க கணக்கு இது: 1.5 சதுர மி.மீ. ஒயர் என்றால் 20 மி.மீ. பைப்பில் ஐந்து, 25 மி.மீ. பைப்பில் எட்டு. 2.5 ஒயர் என்றால் 25 பைப்பில் ஆறு. 4 ஒயர் என்றால் அதே பைப்பில் ஐந்து. வளைவுகள் இருந்தால் ஒன்றிரண்டு குறைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு சுவிட்ச் உள்ள போர்டுக்கு ஒரே பைப் இறங்கினால் கணக்கு எப்படிப் போகும் என்று பாருங்கள். லைட், ஃபேன் பாயிண்ட் ஒவ்வொன்றுக்கும் போர்டிலிருந்து ஒரு ஒயர் மேலே போக வேண்டும். அதோடு வரும் ஃபேஸ், நியூட்ரல், எர்த். சேர்த்தால் பத்தைத் தாண்டும். ஆகவே அந்தப் போர்டுக்கு இரண்டு பைப் இறங்க வேண்டும். இதைச் சுவர் வெட்டும் நாளில் கேட்டால் ஒரு காடி கூடுதல். ஒயர் இழுக்கும் நாளில் கேட்டால் பூசிய சுவரை உடைக்க வேண்டும்.

சுவரை எவ்வளவு ஆழம் வெட்டலாம்?

இதைத்தான் குறைவாகக் கேட்கிறார்கள், அதிகம் கேட்டிருக்க வேண்டும்.

கட்டுமானத்தில் பொதுவாக வைத்துக்கொள்ளும் வரம்பு: செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. படுக்கைக் காடிக்கு ஏன் இத்தனை கஞ்சத்தனம் என்றால், மேலிருந்து வரும் எடை செங்குத்தாக இறங்குகிறது. செங்குத்துக் காடி அந்த எடைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. படுக்கைக் காடி அதன் குறுக்கே அறுக்கிறது.

இனி கணக்குப் போடுவோம். ஒன்பது இஞ்ச் சுவர் என்றால் சுமார் 230 மி.மீ. செங்குத்தாக 75 வரை, படுக்கையாக 38 வரை போகலாம். 25 மி.மீ. பைப்பைச் செங்கல் முகத்திலிருந்து பத்து மி.மீ. உள்ளே தள்ளி வைக்க 35 மி.மீ. ஆழம் வேண்டும். இரண்டு பக்கமும் பிரச்சினை இல்லை.

நாலரை இஞ்ச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 110 மி.மீ. செங்குத்துக்கு 36, பைப் சரியாக உட்காரும். படுக்கைக்கு 18. அதில் 20 மி.மீ. பைப்கூட உட்காராது. ஆக, நாலரை இஞ்ச் சுவரில் படுக்கையாக வெட்டவே கூடாது, பைப் மேலே தளத்தில் சுற்றிவந்து செங்குத்தாக இறங்க வேண்டும். படுக்கை அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள பிரிப்புச் சுவரில் மூன்றடி உயரத்தில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு காடியைப் பார்த்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு அதில் பைப் மிச்சம், உங்களுக்குச் சுவர் பலவீனம்.

இதே சுவரில் இன்னொரு தொல்லை. சுவிட்ச் பாக்ஸின் ஆழம் சுமார் 50 மி.மீ. இரண்டு அறைக்கும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாகப் பாக்ஸ் வைத்தால் நடுவில் செங்கல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. ஒரு அறையில் பேசுவது அடுத்த அறையில் கேட்கும். ஒரு பாக்ஸை ஒரு அடியாவது தள்ளி வையுங்கள்.

கட்டிங் மெஷினா, உளியும் சுத்தியலுமா?

மெஷினில் இரண்டு கோடு வெட்டிவிட்டு நடுவில் உள்ளதை உளியால் எடுப்பதுதான் முறை. வெறும் சுத்தியலால் அடித்தால் பக்கத்துச் செங்கலும் அதிரும், கலவைப் பிடிப்பும் விட்டுப்போகும். மெஷின் பிடிப்பவர் கண்ணாடியும் முகமூடியும் போடட்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவர் என்றால் அது மென்மையானது, வெட்டுவது சுலபம், அதனாலேயே தேவைக்கு மேல் வெட்டிவிடுவார்கள். அதில் சுத்தியல் அடியே கூடாது. பிளாக் விரிசல் விட்டுவிடும். ஹாலோ பிளாக்கில் காடி ஆழமானால் உள்ளே இருக்கும் வெற்றிடம் திறந்துகொள்ளும். அதை அடைக்காமல் பாக்ஸ் வைத்தால் பாக்ஸ் ஆடும்.

தூண், பீம், லிண்டல் குறுக்கே வந்தால்?

வெட்டக் கூடாது. விதிவிலக்கே இல்லை. கம்பி தெரியும் அளவுக்குத் தூணைக் கொத்திவிட்டு “இது சும்மா கவர் தான் சார்” என்று சொல்வார்கள். அந்தக் கவர்தான் கம்பியைத் துருவிலிருந்து காப்பது. பைப்பைத் தூணை ஒட்டிய செங்கலில் விடுங்கள், சுவிட்ச் அரை அடி தள்ளி வந்தால் வரட்டும். பீமைத் தாண்டி இறங்க வேண்டிய இடத்தில் கான்கிரீட்டுக்கு முன்பே பைப்புக்கு வழி விட்டிருக்க வேண்டும். விடவில்லை என்றால் இன்ஜினீயரைக் கேட்காமல் துளை போடாதீர்கள்.

சாய்வாகப் போனால் பைப் மிச்சமாகுமே?

மிச்சமாகும். ஆனால் ஐந்து வருடம் கழித்துப் படம் மாட்ட ஆணி அடிப்பவருக்குப் பைப் எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? சுவிட்சுக்கு நேர் மேலே பைப் இருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். சாய்வுப் பாதையை யாராலும் ஊகிக்க முடியாது. இங்கிலாந்து விதியின் சாரமும் இதுதான்: நேர் மேல், நேர் கீழ், நேர் பக்கம்.

வளைவுக்கு எல்போ போடலாமா?

நீண்ட பெண்டு போடுங்கள். செங்கோணத்தில் திரும்பும் குட்டி எல்போவில் ஒயர் மாட்டிக்கொள்ளும். பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டுக் கையால் வளைப்பவர்களும் உண்டு, நிதானமாகச் செய்தால் அது இன்னும் நல்லது. நெருப்பில் காட்டி வளைத்தால் வளைவின் உள்பக்கம் சப்பையாகிவிடும். இரண்டு பாக்ஸ்களுக்கு நடுவில் இரண்டு பெண்டுக்கு மேல் வந்தால் இடையில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

காலர் (இரண்டு பைப்பைச் சேர்க்கும் துண்டு), பெண்டு சேரும் ஒவ்வொரு இடத்திலும் சொல்யூஷன் என்ற பைப் பசை தடவ வேண்டும். “சுவருக்குள்ள எங்க போகப் போகுது” என்று வெறுமனே செருகிவிட்டால், காடியை அடைக்கும்போது சிமெண்ட் பால் அந்த இடுக்கில் புகுந்து உள்ளே இறுகும்.

பாக்ஸை எந்த உயரத்தில், எந்த மட்டத்தில் வைப்பது?

உயரம் உங்கள் விருப்பம். சுவிட்ச் போர்டுக்கு நான்கிலிருந்து நான்கரை அடி வழக்கம். சமையல் மேடைக்கு மேல் சாக்கெட் மேடையிலிருந்து முக்கால் அடியாவது உயரட்டும். ஏசிக்கும் ஹீட்டருக்கும் ஏழடி வாக்கில். முக்கியமானது எங்கிருந்து அளக்கிறார்கள் என்பது. அந்த நேரத்தில் தரை வெறும் கான்கிரீட். அதற்கு மேல் கலவையும் டைல்ஸும் சேர்ந்து இரண்டு மூன்று அங்குலம் ஏறும். ஒவ்வொரு அறையிலும் வெவ்வேறு தரையிலிருந்து அளந்தால் போர்டுகள் ஏறி இறங்கி நிற்கும். ஆகவே முதல் வேலையாக டியூப் மட்டம் அல்லது லேசர் வைத்து வீடு முழுக்க ஒரே மட்டக்கோடு அடிக்கச் சொல்லுங்கள். எல்லா பாக்ஸும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கப்பட வேண்டும்.

அடுத்தது வெளியே எவ்வளவு நீட்டுவது. உள்பூச்சு பெரும்பாலும் 12 மி.மீ., செங்கலின் கரடு முகம் என்றால் 15. பாக்ஸின் விளிம்பு பூசி முடித்த முகத்தோடு சமமாக வர வேண்டும். அப்படியென்றால் செங்கல் முகத்திலிருந்து அந்த அளவு வெளியே நிற்க வேண்டும். ஆனால் சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இருக்கிறதா? இருக்காது. மேலே 12 மி.மீ. பூச்சு, கீழே 22 என்று கொத்தனார் சமன் செய்வார். பாக்ஸை வைக்கும் முன் கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தச் சுவரில் பூச்சு மட்டத்துக்கான புள்ளிகளை முதலில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு புள்ளிக்கு நடுவில் ஒரு நேரான கட்டையைப் பிடித்தால் பாக்ஸ் எங்கே நிற்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இதைச் செய்யாத வீடுகளில் பாக்ஸ் ஒரு இஞ்ச் உள்ளே போய்விடும். சுவிட்ச் பிளேட்டோடு வரும் ஸ்க்ரூ எட்டாது. நீள ஸ்க்ரூ வாங்கி முறுக்கினால் பிளேட் உள்பக்கம் வளையும். பாக்ஸ் வெளியே துருத்தினால் இன்னும் மோசம், பிளேட்டுக்குப் பின்னால் இடைவெளி, அதில் பல்லி.

மெட்டல் பாக்ஸ் என்றால் துரு பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசிய ஜிஐ பாக்ஸாக இருக்கட்டும், எர்த் ஒயர் அதன் உடம்பில் கட்டாயம் சேர வேண்டும். பைப் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் தகடு கூர்மையாக இருக்கும், அங்கே புஷ் என்ற காப்பு வளையம் போடாவிட்டால் ஒயரின் உறையை அது அறுக்கும்.

பூசும்போது பாக்ஸுக்குள்ளும் பைப்புக்குள்ளும் சிமெண்ட் போகாமல் எப்படிக் காப்பது?

கொத்தனார் கலவையை வீசி அடிக்கும்போது பாக்ஸ் என்றும் சுவர் என்றும் பார்க்க மாட்டார், மட்டக்கட்டையை ஒரே இழுப்பாக இழுப்பார். அவர் வேலை அப்படி. காப்பது நம் பொறுப்பு.

முதலில் பைப்பின் வாய். பாக்ஸுக்குள் தெரியும் ஒவ்வொரு பைப் முனையையும் மூட வேண்டும். கடையில் சின்ன பிளாஸ்டிக் மூடி கிடைக்கும். இல்லையென்றால் பழைய சிமெண்ட் பையின் காகிதத்தைச் சுருட்டி இறுக்கமாகச் செருகலாம். அதன் வால் கொஞ்சம் வெளியே நீட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு எடுக்க முடியாது. மண்ணோ ஈர மணலோ வைத்து அடைப்பது கூடாது, அது உள்ளே சரிந்து பெண்டில் போய் உட்காரும். அப்புறம் பாக்ஸின் குழி. தெர்மோகோல் துண்டைப் பாக்ஸ் அளவுக்கு வெட்டி இறுக்கமாகச் செருகிவிடுங்கள், விளிம்போடு சமமாக நிற்கட்டும். பூச்சு வந்த பிறகு தெர்மோகோலின் ஓரம் வெள்ளையாகத் தெரியும், பாக்ஸைத் தேடிச் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஸ்க்ரூ போடும் காதுகளின் மேல் கொஞ்சம் டேப் ஒட்டினால் மரையில் சிமெண்ட் ஏறாது.

பூசி முடித்த அன்று மாலையே, கலவை இறுகும் முன், எலக்ட்ரீஷியனின் ஆள் ஒருவர் வந்து எல்லா பாக்ஸின் ஓரங்களையும் கரண்டி முனையால் சுத்தம் செய்ய வேண்டும். இறுகிய பின் கொத்தினால் பூச்சின் ஓரம் உடையும்.

பைப் ஓடும் கோட்டிலேயே பூச்சில் விரிசல் வருகிறதே, ஏன்?

மூன்று காரணம். பைப் செங்கல் முகத்துக்கு வெளியே துருத்தி, அதன் மேல் பூச்சு மெல்லியதாகிவிட்டது. காடியை அடைத்த கலவை சரியில்லை. வலை வைக்கவில்லை.

பைப்பை இரண்டு அடிக்கு ஒரு ஆணியோ கொக்கியோ அடித்து அசையாமல் நிறுத்துங்கள். காடியை நன்றாக நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு மணல் கலவையில் அடைக்க வேண்டும். பைப்பின் பின்னால் கலவை போக வேண்டும், மேலே மட்டும் அப்பினால் உள்ளே கூடு விழும். செங்கல் முகத்துக்குச் சற்று உள்ளேயே நிறுத்தி, சொரசொரப்பாக விட்டு, தண்ணீர் விட்டு இறுக விடுங்கள். காலையில் அடைத்த காடியின் மேல் அன்று மாலையே பூசினால் அடைப்பு சுருங்கும்போது பூச்சும் பிளக்கும்.

அப்புறம் வலை. கோழி வலை என்று நாம் சொல்லும் ஜிஐ வலையையோ ஃபைபர் வலையையோ காடியின் இரு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் படியும்படி வைத்து ஆணி அடியுங்கள். செங்கலும் தூணும் சேரும் இடத்துக்கும் இதே வலை வைப்பதால், கொத்தனாரிடம் ஏற்கெனவே இருக்கும். வலை பூச்சுக்குள் நடுவில் நிற்க வேண்டும், சுவரோடு ஒட்டிக் கிடந்தால் பயன் குறைவு.

பூசும் முன்பே ஒயரையும் இழுத்துவிட்டால் ஒரு வேலை முடியுமே?

முடியும், ஆனால் பூச்சு ஈரமும் தண்ணீர் விடும் ஈரமும் பைப்புக்குள் இறங்கும், ஒயர் முனைகள் சிமெண்டில் குளிக்கும். பூசிய பிறகு பைப் அடைத்திருக்கிறதா என்று சோதிக்கும் வாய்ப்பும் போய்விடும். காலி வீட்டில் செம்பு ஒயரைத் தொங்கவிட்டுப் போவது திருட்டுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைப்புக்குள் மெல்லிய ஜிஐ கம்பியோ நைலான் கயிறோ விட்டு வைத்தால் போதும்.

இண்டர்நெட், டிவி, கேமரா ஒயர்கள் அதே பைப்பில் போகலாமா?

கூடாது. தனிப் பைப், தனிப் பாக்ஸ். 230 வோல்ட் ஒயரும் டேட்டா கேபிளும் ஒரே பைப்பில் இருந்து உறை கெட்டால் டிவி மட்டுமல்ல, அதைத் தொடுபவருக்கும் ஆபத்து. சுவரில் இரண்டும் பக்கம் பக்கமாகப் போனால் அரை அடியாவது இடைவெளி விடுங்கள், ஒரு அடி என்றால் நிம்மதி. குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும். டேட்டா பைப் 25 மி.மீ.யாக இருக்கட்டும். இன்றைக்கு ஓடும் கேபிள் வகை பத்து வருடத்தில் மாறிவிடும்.

இன்வெர்ட்டருக்குத் தனிப் பைப் வேண்டுமா?

இன்வெர்ட்டர் இடத்திலிருந்து மெயின் போர்டுக்கு 25 மி.மீ. பைப் ஒன்று இப்போதே போகட்டும். இன்னொன்று, ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலும் அதனதன் ஃபேஸோடு தனியாகப் போய்வர வேண்டும். ஒயரை மிச்சம் பிடிக்க நடுவழியில் வெவ்வேறு சர்க்யூட்டின் நியூட்ரல்களை ஒன்றாக முறுக்கினால், பின்னால் ஆர்சிசிபி (மேலே சொன்ன ஆர்சிடி வகைதான்) காரணமே தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். பூசிய சுவரில் அந்த முடிச்சைத் தேடுவது பெரும்பாடு.

குளியலறையில்?

ஷவர், குழாய் பக்கச் சுவரை மின் பைப்புக்குக் கொடுக்காதீர்கள். ஹீட்டர் பாயிண்ட் மேலிருந்து இறங்கட்டும், சுவிட்ச் வெளியே இருக்கட்டும். தண்ணீர்க் குழாய்க்காக வெட்டும் காடியிலேயே மின் பைப்பையும் போட்டு ஒன்றாக அடைப்பது பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் வசதி, உங்களுக்கு அல்ல. குழாய் கசிந்தால் அந்தத் தண்ணீர் பைப் வழியாகப் பக்கத்து அறையின் சுவிட்ச் பாக்ஸில் சொட்டும்.

பின்னால் தேவைப்படும் என்று எதற்கெல்லாம் காலிப் பைப் விட்டு வைப்பது?

மொட்டை மாடியிலிருந்து மெயின் போர்டுக்கு ஒரு 32 மி.மீ. பைப், சோலாருக்கு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டம் தொடங்கியதிலிருந்து, மாடியில் பேனல் வைக்க ஆசைப்படும் வீடுகளில் வெளிச்சுவரில் பைப் தொங்குவதைப் பார்க்கலாம். வண்டி நிறுத்தும் இடத்துக்கு இன்னொரு பெரிய பைப், மின் வண்டி சார்ஜருக்கு. மோட்டார், வாசல் கேமரா, ஹாலில் டிவிக்குப் பின்னால் மேலும் கீழுமாக இரண்டு பாக்ஸை இணைக்கும் ஒரு துண்டு. இவை போதும். ஆசைக்கு எல்லாச் சுவரிலும் காடி வெட்ட வேண்டாம்.

பூசும் முன் நானே எதைச் சரிபார்க்கலாம்?

ஒவ்வொரு பைப்பிலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஸ்டீல் ஸ்பிரிங் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். “எல்லாம் ஓகே” என்ற பதிலை ஏற்க வேண்டாம், ஸ்பிரிங் வெளியே வருவதைக் கண்ணால் பாருங்கள்.

அப்புறம் போட்டோ. வெறுமனே சுவரைப் படம் எடுத்தால் பின்னால் ஒன்றும் புரியாது. அளவு டேப்பை மட்டக்கோட்டிலிருந்து மேலே விரித்துப் பிடித்து ஒன்று, அறை மூலையிலிருந்து பக்கவாட்டில் விரித்து ஒன்று, பைப்பும் டேப்பின் எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி. சுவரிலேயே சாக்பீஸில் அறையின் பெயரையும் திசையையும் எழுதிவிட்டு எடுங்கள்: “பின் படுக்கையறை, கிழக்கு”. மாடுலர் கிச்சன் ஆள் துளை போட வரும் நாளில் அந்தப் படம் கையில் இருக்க வேண்டும்.

பூசிய பிறகு ஒரு பைப் அடைத்துக்கொண்டது தெரிந்தால்?

முதலில் இரு பக்கமிருந்தும் ஸ்பிரிங் விட்டு அடைப்பு எவ்வளவு தூரத்தில் என்று அளந்துகொள்ளுங்கள். போட்டோ இருந்தால் அந்த இடத்தை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் திறந்து, பைப்பை வெட்டி, புதிய துண்டை இரண்டு காலரால் சேர்க்கலாம். ஸ்பிரிங் போகாமல் காற்று மட்டும் போகிறதா? ஒரு பக்கம் வாக்வம் கிளீனரை வைத்து, மறுபக்கம் மெல்லிய நூலில் சின்ன பஞ்சைக் கட்டி விட்டால் நூல் வந்துவிடும், அதை வைத்துக் கயிறை இழுக்கலாம். தளத்துக்குள் அடைத்திருந்தால் கான்கிரீட்டைக் கொத்த வேண்டாம், வேறு வழியாகச் சுற்றிப் போங்கள். எந்த நிலையிலும் பைப்புக்குள் ஒயரில் ஜாயிண்ட் போடக் கூடாது. ஜாயிண்ட் பாக்ஸில் மட்டும்.

ஒயர் இழுத்த பிறகு என்ன சோதனை?

மெக்கர் சோதனை, அதாவது ஒயரின் உறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று கருவியால் அளப்பது. 500 வோல்ட் டிசியில் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவிலும், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவிலும் அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் எங்கோ உறை உரிந்திருக்கிறது, அல்லது ஈரம். புது ஒயரில் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். பல்ப் எரிகிறது என்பது சோதனை ஆகாது, உரிந்த ஒயரிலும் பல்ப் எரியும். தமிழ்நாட்டில் மின் உரிம வாரியத்தின் லைசென்ஸ் பெற்றவர்களிடம் இந்தக் கருவி இருக்கும். இல்லை என்று சொன்னால் அவரது லைசென்ஸையும் சேர்த்துக் கேளுங்கள்.

குடி வந்த பிறகு ஆணி அடிக்கும்போது பைப்பில் பட்டுவிட்டால்?

ஆணியைப் பிடுங்காமல் முதலில் மெயின் போர்டில் அந்த அறையின் எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். எது என்று தெரியாவிட்டால் மெயினையே இறக்குங்கள். பிறகு ஆணியை எடுத்து, அந்தப் பைப்பில் உள்ள ஒயர்களை உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். உறையில் சின்னக் கீறல் இருந்தாலும் டேப் சுற்றித் திரும்ப உள்ளே தள்ளக் கூடாது, அந்த ஒயரை முழு நீளத்துக்கும் மாற்ற வேண்டும். பைப்பில் விழுந்த ஓட்டையைச் சுற்றிப் பூச்சை லேசாகத் திறந்து, சேதமான துண்டை வெட்டி எடுத்துவிட்டுக் காலரால் புதுத் துண்டு சேர்த்து, மேலே வலை வைத்துப் பூசிவிடலாம். படத்தை அரை அடி தள்ளி மாட்டுங்கள்.